கொள்முதல் பதினேழும் பால் பாக்கெட்டும்

அவரை எல்லோரும் பீரங்கி என்றுதான் சொல்வார்கள். பாதுகாப்புத் துறையில் இருந்ததால் வந்த பெயர் இல்லை. பெயர் முதலில் வந்தது, துறை பின்னால் வந்தது. முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு பொதுக்கூட்டத்தில் மைக் செத்துப்போக, மைக் இல்லாமலேயே முக்கால் மணி நேரம் பேசி, மூன்றாவது தெருவில் தொட்டிலில் கிடந்த குழந்தையை எழுப்பிவிட்டார். பிறகு கட்சி ஆட்சிக்கு வந்து ஆளுக்கொரு துறை பிரித்துக் கொடுத்தபோது, தலைவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பீரங்கிக்கு ராணுவத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். அப்படித்தான் அவர் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சரானார். ஆட்சி போனது. அதே பெயர்ப் பொருத்தத்தில் இப்போது எதிர்க்கட்சியின் பாதுகாப்புத் துறைப் பேச்சாளர். துப்பாக்கியில் எந்தப் பக்கம் குண்டு வெளியே வரும் என்பதைத் தவிர அந்தத் துறையைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. அதுவும் ஊகம்தான்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு நாற்காலி வேண்டும். அவையில் எதிர்க்கட்சித் துணைத் தலைவர் உட்காரும் நாற்காலி. முன் வரிசை. டிவி கேமரா தலைவரைக் காட்டும்போதெல்லாம் பக்கத்தில் பாதி முகமாவது தெரியும் இடம். அதோடு ஜன்னல் வைத்த தனி அறை ஒன்றும் கிடைக்கும். அந்த நாற்காலியில் இருந்தவர் முட்டி வலி தாங்காமல் ஒதுங்கிவிட்டார். போட்டியில் இரண்டே பேர்: பீரங்கி, அப்புறம் கட்சியில் எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடும் ஒருவர். வக்கீல் மெதுவாகப் பேசுவார். அவர் பேசினால் எதிரே இருப்பவர் முன்னால் சாய்வார். பீரங்கி பேசினால் பின்னால் சாய்வார்.

கூட்டத்தொடர் முடிவதற்குள் முடிவு சொல்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார். "பாதுகாப்பு அமைச்சர ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தண்ணி குடிக்க வச்சிடுங்க. நாற்காலி உங்களுக்கு." இதையே வேறொரு அமைச்சரின் பெயரைப் போட்டு வக்கீலிடமும் சொல்லியிருப்பார் என்று பீரங்கிக்குத் தெரியும். ஆனாலும் ஆசை.

அந்த வருடத்து பட்ஜெட் புத்தகம் செங்கல் கனத்துக்கு இருந்தது. பீரங்கி அதைத் தலையணையாகத்தான் வைத்திருந்தார். ஒருநாள் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது திறந்து கிடந்த பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. கொள்முதல் எண் பதினேழு, மூன்று கடலோரக் காவல் படகுகள், பராமரிப்பு. எதிரே ஒரு தொகை. அந்தத் தொகைக்குப் புதிதாக இன்னும் இரண்டு படகு வாங்கலாம் போலிருந்தது. பீரங்கிக்கு ராணுவம் தெரியாதே தவிர, திருட்டு வாசனை தெரியும். சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகச் செயலாளர் அம்மாவிடம் போனார். "இதப் பத்தி நறுக்குன்னு ஒரு கேள்வி வேணும்மா" என்றார்.

அந்த அம்மாவைப் பற்றியும் அவருடைய அலமாரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவைக் கட்டடத்தில் ஆளுங்கட்சிக்கு முதல் மாடி, கம்பளம் விரித்த அறைகள். எதிர்க்கட்சிக்குத் தரைத் தளம், ஒரு பக்கம் கேன்டீன், மறுபக்கம் கழிப்பறை. தேர்தலில் ஆட்சி மாறினால் அறையும் மாறும். முன்னொரு காலத்தில் ஆட்கள் மாறும்போது இரும்பு அலமாரிகளும் கூடவே மாறின. ஒரு தடவை அலமாரி ஒன்று படிக்கட்டின் வளைவில் மாட்டிக்கொண்டது. மேலே ஏற்ற வந்தவர்கள் ஒரு கட்சி, கீழே இறக்க வந்தவர்கள் இன்னொரு கட்சி. யார் விட்டுக்கொடுப்பது என்பதில் இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் மக்கள் பிரதிநிதிகள் அலமாரிக்கு அடியில் குனிந்துதான் ஜனநாயகத்துக்குப் போய்வந்தார்கள். அன்றிலிருந்து எழுதாத ஓர் ஒப்பந்தம்: ஆட்கள் மாறட்டும், அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அதன் விளைவு, தரைத் தள அலமாரியில் எதிர்க்கட்சியாக இருந்த எல்லாக் கட்சிகளும் கேட்ட எல்லாக் கேள்விகளும் இருந்தன. செயலாளர் அம்மா கட்சிக்காரர் இல்லை, சம்பளக்காரர். யார் தரைத் தளத்துக்கு வந்தாலும் அவர்களுக்கு வேலை செய்வார். உறுப்பினர் கேள்வி கேட்டால் அலமாரியைத் திறப்பார், பொருத்தமான பழைய கேள்வியை எடுப்பார், பெயரையும் தேதியையும் வெள்ளை மையால் மறைப்பார், நகல் எடுப்பார், புதுப் பெயரைத் தட்டுவார். 'மக்கள் விரோத அரசு' என்ற சொற்களை மாற்ற வேண்டிய அவசியம் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எந்த உறுப்பினரும் கேட்டதில்லை. தாங்களே எழுதியதாகத்தான் நாலாவது நாளில் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

அம்மா பதினேழு என்ற எண்ணைத் தேடினார். இரண்டாவது தட்டிலேயே கிடைத்தது. நான்கு பிரிவுள்ள கேள்வி. இந்த மூன்று படகுகளும் என்றைக்காவது துறைமுகத்தை விட்டு வெளியே போயினவா, போகாவிட்டால் ஏன், ஓடாத படகுக்குப் பராமரிப்பு எதற்கு, இந்தக் கொள்முதலைத் தொடங்கிவைத்த அறிவாளி யார். கடைசிப் பிரிவில் 'பெருந்தகை' என்று இருந்ததை அடித்துவிட்டு யாரோ கையால் 'அறிவாளி' என்று எழுதியிருந்தார்கள். மை நன்றாக அழுத்தியிருந்தது. அம்மா வெள்ளை மையை எடுத்தார்.

பீரங்கிக்குக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. குளியலறையில் எதிரொலி நன்றாக இருக்கும் என்பதால் அங்கே போய் ஒத்திகை பார்த்தார். 'அறிவாளி யார்' என்ற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்தி, பிறகு திடீரென்று உயர்த்த வேண்டும் என்று தீர்மானித்தார். நான்கு நாளாகத் தினமும் காலை ஆறரை மணிக்கு 'அறிவாளி யார்' என்ற குரல் கேட்டு, பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்துப் பழகிவிட்டது.

கேள்வி திங்கட்கிழமை பட்டியலில் வந்திருந்தது. முந்தின நாள் ஞாயிறு மதியம் மச்சான் சாப்பிட வந்தார். மனைவியின் தம்பி. பாதுகாப்பு அமைச்சகத்தில், அவையில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவில் அதிகாரி. அத்தான் அரசியலில், மைத்துனர் அமைச்சகத்தில் என்பதால் அந்த வீட்டில் ஒரு விதி உண்டு: சாப்பாட்டு மேசையில் ஆபீஸ் பேச்சு கிடையாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். மழைக்காலமாக இருந்தால் மழையைப் பற்றி. பதினான்கு வருடமாக இப்படித்தான். இரண்டு பேருக்கும் வானிலையில் நல்ல ஞானம் வந்துவிட்டது.

அன்று மச்சான் வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் போகவில்லை. கடைசியில் விதியை மீறினார்.

"அத்தான், நாளைக்கு வர்ற அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிடுங்க."

பீரங்கி கையை நீட்டி அவர் முதுகில் தட்டினார். "மச்சான், நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் முகமே எல்லாத்தையும் சொல்லுது."

"என் முகம் சொல்றத நீங்க தப்பாப் படிக்கிறீங்க."

"அங்க நடுங்குறாங்கன்னு சொல்லு."

"நடுங்குறது நான்தான். உங்களுக்காக. ஏன்னு கேக்காதீங்க, ஃபைல்ல ரகசியம்னு முத்திரை இருக்கு."

பீரங்கி கைகூடக் கழுவாமல் போனை எடுத்து, இடது கையால் தலைவரைக் கூப்பிட்டு, அமைச்சகமே ஆட்டம் கண்டிருக்கிறது, வாபஸ் வாங்கச் சொல்லி வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கெஞ்சுகிறார்கள் என்றார். சோறு தின்ன வந்த மைத்துனர் அந்த ஒரு போன் பேச்சில் அரசின் தூதராகிவிட்டார். தலைவர் அடுத்த கால் மணி நேரத்தில் எல்லாப் பத்திரிகைகளுக்கும் சொல்லிவிட்டார்: நாளை காலை அவையில் ஒரு குண்டு வெடிக்கும்.

மச்சான் அடுப்படிக்குப் போனார். அக்கா பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஆபீஸ் ரகசியத்தை அக்காவிடமும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுச் சாமானைப் பற்றிப் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று அவர் சாப்பிடும்போதே யோசித்து வைத்திருந்தார். "அக்கா, ஒரு தங்கக் கலர் கத்தரிக்கோல் இருந்துச்சே, அது எங்க?" என்று கேட்டார். பால் பாக்கெட் வெட்டுவது அதில்தான் என்று அக்கா சொன்னார். "அதுல ஏதோ எழுதியிருக்கும். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு தடவ படிச்சிடு. இன்னைக்கே படி." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்குக் கண்ணாடி அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஃபிரிட்ஜ் மேல் கிடைத்தது. கத்தரிக்கோலின் பிடியில் எட்டு வருடத்துப் பால் ஆடை கல்லாக உறைந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்பு போட்டுத் தேய்த்தார். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குளியலறையில் கணவர் அறிவாளி யார் என்று கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் மனைவிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"என்னங்க. அந்த அறிவாளி கிடைச்சிட்டாரு. வெளிய வாங்க."

பீரங்கி துண்டோடு வந்து படித்தார். 'கொள்முதல் பதினேழு, மூன்று கடலோரக் காவல் படகுகள், மாண்புமிகு துணை அமைச்சரின் பொற்கரங்களால் இன்று அர்ப்பணிக்கப்பட்டன.' கீழே எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. படகாவது, மண்ணாவது. துணை அமைச்சராக இருந்த நான்கு வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் ரிப்பன் வெட்டியிருக்கிறார். ரொட்டிக் கூடம், கழிப்பறை, குதிரை லாயம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் படகு ஒன்றைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை. மெதுவாகத்தான் நினைவுக்கு வந்தது. துறைமுகம். பயங்கர மழை. ரிப்பனை நனையாத இடத்தில் கட்டுகிறோம் என்று ஒரு கிடங்குக்குள் கட்டியிருந்தார்கள். வெட்டினார், கை தட்டினார்கள், டீ கொடுத்தார்கள். கிடங்கைத்தான் திறந்துவைத்தோம் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிடங்கு சின்னதாக இருந்ததே என்று அப்போதே அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

துண்டோடு உட்கார்ந்தே செயலாளர் அம்மாவுக்குப் போன் போட்டார். கேள்வி எங்கே கிடைத்தது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். அம்மா ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அலமாரி, இரண்டாம் தட்டு. "இப்ப இருக்கிற பாதுகாப்பு அமைச்சர்தான் எழுதினது. உங்க ஆட்சியில, அவரு இங்க உட்கார்ந்திருந்தப்போ. நல்லா எழுதுவாரு அப்பல்லாம்" என்றார்.

வாபஸ் வாங்க முந்தின நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. போனில் பொய் சொல்ல மாட்டேன் என்று மனைவி சொன்னார். நீங்களே உங்கள் குரலில் பேசி உடம்பு சரியில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் கேட்டார். அதற்குள் தலைவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது: நேரடி ஒளிபரப்பு உண்டு, நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வரவும்.

நீலக் கோட்டு போட்டுக்கொண்டார். முதல் காரியம் தடயத்தை ஒழிப்பது என்று கத்தரிக்கோலை உள்பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார். தெருமுனைக் குப்பைத் தொட்டியருகே நிறுத்தினார். குப்பை அள்ளுகிறவர் அவரை அடையாளம் கண்டு, ஐயா இன்றைக்குக் குண்டு போடப்போகிறாராமே என்று கை குலுக்கினார். ஆற்றுப் பாலத்தில் நிறுத்தினார். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து சல்யூட் அடித்து, கார் பழுதா என்று விசாரித்தார்கள். பிரபலமாக இருப்பதில் இப்படியும் ஒரு கஷ்டம் உண்டு என்று அவர் அன்று கண்டுகொண்டார். அவை வாசலில் எல்லோருடைய பையையும் மெஷினில் விட்டு எடுப்பார்கள், உறுப்பினர்களை மட்டும் தொட மாட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவனைத் தடவிப் பார்ப்பது மக்களையே தடவிப் பார்ப்பது போல என்று நாற்பது நிமிடம் பேசி அந்தச் சலுகையை வாங்கிக் கொடுத்தவரே பீரங்கிதான். கத்தரிக்கோல் கௌரவமாக உள்ளே போனது.

கேள்வி நேரம். பீரங்கி எழுந்து, தனக்கு எதிராகத் தன் குரலில் நான்கு பிரிவையும் வாசித்தார். 'அறிவாளி' வந்த இடத்தில் இடைவெளி விட்டார். குரல் மறுபடி உயரவில்லை. அமைதியாகக் கேட்டதில் இன்னும் பயங்கரமாக இருந்தது என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பின்வரிசையில் வக்கீல் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

மேலே அதிகாரிகள் மாடத்தில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அமைச்சர் கையில் இருந்த குறிப்பு அவர் தயாரித்தது. முதல் பக்கம் பதில். இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், துணைக் கேள்வி வந்தால் சொல்ல வேண்டியது: படகுகளை அர்ப்பணித்தவர் கேள்வி கேட்கும் உறுப்பினரே. வேலை என்றால் வேலை, எழுதாமல் இருக்க முடியாது. எழுதும்போது தட்டச்சில் எவ்வளவு சின்ன எழுத்து உண்டோ அதைத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான் அவர் அத்தானுக்காகச் செய்த உதவி.

அமைச்சருக்கு வெள்ளெழுத்து. கேமரா முன்னால் கண்ணாடி போட மாட்டார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், எறும்பு ஊர்வது போல ஏதோ தெரிந்தது, மறுபடி முதல் பக்கத்துக்கே வந்துவிட்டார். கேட்டது தன்னுடைய பழைய கேள்விதான் என்பதும் அவர் மண்டையில் ஏறவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது செய்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பதவிக்கு அது ஒரு தகுதி. கனைத்துக்கொண்டு வாசித்தார்.

"நாட்டின் பாதுகாப்பு நலன் கருதி விவரங்களை வெளியிட இயலாது. இந்த அவையில் சொல்லப்படும் ஒவ்வொரு எண்ணும், எதிரியின் மேசையில் நாமே கொண்டுபோய் வைக்கும் ஒரு பரிசு என்பதை மாண்புமிகு உறுப்பினர் உணர வேண்டும்."

ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பீரங்கி தப்பிவிட்டார். செயலாளர் அம்மா தட்டிக் கொடுத்திருந்த துணைக் கேள்வி கையிலேயே இருந்தது: 'அமைச்சர் பதவி விலகுவாரா?' அதைக் கத்திச் சொல்லிவிட்டு, நாலு பேரோடு வெளிநடப்பு செய்து, கேன்டீனில் ஒரு காபி குடித்தால் நாற்காலி அவருடையது.

ஆனால் அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்துவிட்டது. எதிரியின் மேசை. பரிசு. அது அவருடைய வாக்கியம். துணை அமைச்சராக இருந்தபோது குளியலறையில் இருந்தே உருவாக்கி, மனைவியிடம் பதினொரு தடவை சொல்லிக் காட்டி, எந்தக் கேள்வி வந்தாலும் அதையே எடுத்து வீசி, கை தட்டல் வாங்கிய வாக்கியம். ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்ன அழகாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தார். அடுத்த கணம் முகம் சுட்டது. சொல்லும் பக்கத்திலிருந்து இதைக் கேட்டிருக்கிறார், கேட்டவன் பக்கத்திலிருந்து இதுதான் முதல் தடவை. நாலு பிரிவுள்ள நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டவனைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு போடா என்பதை இவ்வளவு நயமாகச் சொல்ல முடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு வருடமாகக் கோபப்படுவது போல நடித்தே பழகியவருக்கு நிஜக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. முதலில் நெஞ்சு வலி என்று நினைத்தார். கை உள்பைக்குப் போனது.

"துணைக் கேள்வி" என்றார். வழக்கத்துக்கு மாறாக மைக்கில் பேசினார்.

"அமைச்சர் இப்ப வாசிச்ச பதில் என்னோடது. நான் அந்தப் பக்கம் நின்னு வாசிச்சது. நான் இன்னைக்குக் கேட்ட கேள்வி அமைச்சரோடது. அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினது. அறிவாளி யாருன்னு கேட்டேன் இல்லையா, அந்த அறிவாளி நான்தான். ரிப்பன் வெட்டினவன் நான். படகக் கண்ணால பாக்கல. கிடங்கு திறக்கிறோம்னு நினைச்சேன்."

கத்தரிக்கோலை எடுத்து உயர்த்திக் காட்டினார். சோப்பு போட்டுத் தேய்த்தது வீண் போகவில்லை, விளக்கில் பளபளத்தது.

"இதாலதான் வெட்டினேன். எட்டு வருஷமா என் வீட்ல தினமும் பால் பாக்கெட் வெட்டுது. ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்ல. பராமரிப்புச் செலவு கிடையாது. கொள்முதல் பதினேழுல இன்னைக்கு வரைக்கும் வேலை செய்யற ஒரே சாமான் இதுதான். இப்ப என் கேள்வி. அந்த மூணு படகும் எங்க இருக்கு? நிஜமாவே கேக்கறேன். எனக்கே தெரியணும்."

அமைச்சர் தண்ணீர் குடித்தார். இரண்டு டம்ளர். எதிர்க்கட்சித் தலைவர் மூன்று டம்ளர் குடித்தார்.

பிறகு நடந்ததெல்லாம் விதிகளின்படி நடந்தது. சபாநாயகர் விதிப் புத்தகத்தை வரவழைத்தார். சுண்டு விரலைவிட நீளமான கூர்முனை உள்ள எந்தப் பொருளும் ஆயுதம் என்று அதில் இருந்தது. சுண்டு விரல் யாருடையது என்பதில் சற்று விவாதம் நடந்து, சபாநாயகர் தன்னுடையதை வைத்து அளக்கச் சொன்னார். ஆயுதம்தான் என்று தீர்ப்பானது. அவைக் காவலர்கள் நான்கு பேர் பீரங்கியைச் சூழ்ந்தார்கள். கையில் கத்தரிக்கோலோடு நிற்கும் பெரிய மனிதரை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது என்று அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. அவரே பிடியைத் திருப்பி நீட்டினார். ஏழு அமர்வுகளுக்கு இடைநீக்கம். படகு எங்கே என்ற கேள்வி, ஆயுதம் ஏந்திய நிலையில் கேட்கப்பட்டதால், குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் மோசம்.

"அமைச்சர தண்ணி குடிக்க வைங்கன்னேன். கட்சிக்கே தண்ணி காட்டிட்டீங்களே."

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மைய சொல்ல வேணாம்னு யார் சொன்னா? ஆட்சிக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம். அப்ப சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது." பிறகு, துக்க வீட்டில் பேசுவது போலத் தோளில் கை வைத்து, வக்கீலுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

வக்கீலுக்கு வாழ்த்துச் சொன்னார். ஜன்னல் அறையில் வக்கீல் அதற்குள் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் துறைமுகத்துக்குப் போனார்கள். வாசலில் இருந்த காவலாளி, எந்தப் படகு என்று உண்மையாகவே கேட்டிருக்கிறார். மறுநாள் அந்த வாசலுக்குப் பாதுகாப்பு நலன் கருதி மறைப்பு கட்டிவிட்டார்கள்.

ஏழு அமர்வுகள் முடிந்து பீரங்கி திரும்பியபோது அவருடைய இடம் கடைசி வரிசைக்கு, தூணுக்குப் பின்னால் போயிருந்தது. அங்கே கேமராவும் வராது, தூக்கமும் கலையாது. ஆனால் அவருக்குத் தூக்கம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியைத் தன் கையால் எழுதினார். ஆறு தாள் கிழித்து ஏழாவது தாளில் வந்தது. பறிமுதல் செய்த கத்தரிக்கோல் இப்போது எங்கே இருக்கிறது, உரியவரிடம் எப்போது திருப்பித் தரப்படும், மூன்று படகுகள் எங்கே. செயலாளர் அம்மா அதை வாங்கிப் படித்துப் பார்த்து, எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். நகல் ஒன்றை அலமாரியில் வைத்தார். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

அந்த ஞாயிறு மதியம் மச்சான் வந்தார். வெயில் அதிகம் என்றார். ஆமாம், போன வருடம் இவ்வளவு இல்லை என்றார் பீரங்கி. சபாநாயகர் அனுப்பிவைத்த 'ஆயுதத்துக்காக' ஒரு வாரமாக அமைச்சகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் காலி செய்து, கண்ணாடிப் பெட்டி வைத்து, வாசலில் மூன்று ஷிப்டுக்கு இரண்டிரண்டு பேராகத் துப்பாக்கியோடு காவல் போட்டிருப்பதை நகரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசையில் மட்டும் அதைப் பற்றிப் பேச்சில்லை. பீரங்கி மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். பொடி எழுத்து விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது. அதற்கு நன்றி சொல்லவும் விதியில் இடமில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தார். மோவாயில் பால் வழிந்திருந்தது. கையில் பல்லால் கடித்துத் திறந்த பாக்கெட்.

"ஏண்டா, இன்னும் எத்தன நாளைக்கு நான் இதக் கடிச்சிட்டு இருக்கணும்? அந்தக் கத்தரிக்கோல எப்ப குடுப்பாங்க?"

மச்சான் தட்டைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அக்கா, அதுக்குப் பதில் எழுதி வச்சிட்டேன். நாளைக்கு அவையில வாசிப்பாங்க. நாட்டோட பாதுகாப்பு நலன் கருதி."